தகவல் வரும் வழி: அம்பாறைக் கரையோரத்தில் பொலிஸ் புலனாய்வு

இலங்கையில் உள்நாட்டுப் பாதுகாப்புக்காகத் தகவல் திரட்டும் வேலை பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. அரச புலனாய்வுச் சேவை 1984இல் தேசிய புலனாய்வுப் பணியகம் என்ற பெயரில் தொடங்கியது. அதற்கு முன் அந்த வேலையைப் பொலிஸ் திணைக்களத்தின் ஒரு பிரிவே செய்துவந்தது. இராணுவத்துக்கெனத் தனிப் புலனாய்வுப் பணிப்பகம் உண்டு. நடந்த குற்றத்தைத் துப்புத் துலக்குவது குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் பொறுப்பு. பயங்கரவாத வழக்குகளுக்கு வேறொரு விசாரணைப் பிரிவு இருக்கிறது. ஆயுதம் தாங்கிச் சுற்றிவளைக்க விசேட அதிரடிப்படை இருக்கிறது. ஊர்மக்களுக்கு இந்தப் பிரிவினை எதுவும் பொருட்டில்லை. தேநீர்க் கடையில் சாதாரண உடுப்போடு உட்கார்ந்து நாலு பேரை விசாரிக்கும் அறியாத முகம் எதுவானாலும் அவர் 'சி.ஐ.டி.காரர்'தான்.

இந்த அமைப்புகள் எல்லாவற்றுக்கும் கீழே, தகவல் முதலில் பிறக்கும் இடம் ஒன்று உண்டு. அது தெரு. அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் இதைப் படிப்பதற்கு நாட்டிலேயே மிகப் பொருத்தமான இடம். தலைநகரின் மேசைகளில் இரண்டு வாரத்துக்கு மேலாகக் கிடந்த எச்சரிக்கை எதையும் தடுக்காமல் போனதும், ஓர் ஊரின் ஐயம் சில மணி நேரத்தில் ஆயுதக் குழுவொன்றை வெளிக்கொண்டுவந்ததும் 2019 ஏப்ரலில் ஒரே வாரத்துக்குள் நடந்தன.

மருதமுனை, நற்பிட்டிமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாகத் தெற்கே இறங்கி, பொத்துவில் வரை தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள் நீள்கின்றன. இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் முதலிய தமிழ் ஊர்கள். உள்ளே சம்மாந்துறையும் இறக்காமமும். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து உருவாக்கிய அம்பாறை மாவட்டத்தின் தலைநகரோ சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் உட்பகுதி நகரமான அம்பாறை. கச்சேரி அலுவல் என்றாலும் மாவட்ட மட்டப் பொலிஸ் அலுவல் என்றாலும் கரையோரத்து மனிதர் வயல்வெளியைக் கடந்து, தம் மொழி அதிகம் புழங்காத அந்த ஊருக்குப் போகவேண்டும். கரையோரத்துக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கைக்கு இந்தப் பயணமும் ஒரு காரணம்.

இந்த ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகே கல்யாணம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து சேர்வார். அதனால் பல ஒழுங்கைகளில் அடுத்தடுத்த வீடுகள் அக்கா, தங்கை, சின்னம்மா, பெரியம்மா வீடுகளாக இருக்கும். வேலிக்கு மேலால் கறி கைமாறும். ஒரு வீட்டில் புது ஆள் வந்து தங்கினால் அது யாருடைய விருந்தாளி என்பது அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடையில் தெருவெங்கும் தெரிந்துவிடும். வாடகைக்கு வரும் குடும்பம், அதிலும் பிள்ளைகளை வெளியே விளையாட விடாத குடும்பம், கண்ணில் படாமல் இருக்க வழியே இல்லை. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, மரைக்காயர்மார், கிராம உத்தியோகத்தர், வட்டை விதானை என்று ஊருக்குள் ஒருவரை ஒருவர் அறிந்து வைத்திருக்கும் ஏற்பாடுகள் இதற்கு மேலதிகமானவை. எந்தப் புலனாய்வுச் சேவையாலும் சம்பளம் கொடுத்து இப்படியொரு வலையைப் பின்ன முடியாது.

ஆனால் ஊர் அறிந்தது பொலிஸுக்குப் போய்ச் சேருமா என்பது வேறு விஷயம். போர் நடந்த ஆண்டுகள் அந்த வழியைப் பலமுறை அறுத்துப் போட்டன. 1990 ஜூனில் விடுதலைப் புலிகள் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைச் சுற்றிவளைத்தார்கள். மேலிடத்து உத்தரவின்படி சரணடைந்த சிங்கள, முஸ்லிம் பொலிஸார் சுமார் 600 பேர் கொல்லப்பட்டார்கள். திருக்கோவிலுக்கு அண்மையிலுள்ள ரூபஸ் குளம் அந்தப் படுகொலையின் பெயராகவே நிலைத்துவிட்டது. கல்முனையை இராணுவம் திரும்பப் பிடித்தபோது பெருந்தொகையான தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மட்டக்களப்பு மாவட்டத்துக் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். அதன்பின் முஸ்லிம் ஊர்களில் ஊர்காவல் படை பெருகியது. ஊர்க்காரருக்குத் துவக்குக் கிடைத்தது. அயல் தமிழ் ஊருக்கு அச்சம் கிடைத்தது.

அந்தக் காலத்துக்கென்றே ஒரு சொல் உண்டு: தலையாட்டி. சுற்றிவளைப்பில் ஆண்களை மைதானத்துக்கு அழைத்து வரிசையில் நடக்கவைப்பார்கள். வாகனத்துக்குள் தலையில் சாக்கு மாட்டிய ஒருவர் இருப்பார். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டைகள். அவர் தலையை ஆட்டினால் நடந்து வந்தவர் ஒரு பக்கம் ஒதுக்கப்படுவார். ஆட்டியவர் யார், பழைய பகைக்காக ஆட்டினாரா, அடி தாங்காமல் ஆட்டினாரா என்று கேட்க ஆளில்லை. தகவல் கொடுப்பது என்றால் காட்டிக்கொடுப்பது என்ற எண்ணம் கிழக்கில் வேரூன்றியது இப்படித்தான். 2006 செப்டெம்பரில் பொத்துவில் இறத்தல்குளத்தில் பத்து முஸ்லிம் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டபோது அரசாங்கம் புலிகளைக் குற்றஞ்சாட்டியது. ஊர்மக்கள் அதிரடிப்படையைச் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கும் விசாரணை வரவேயில்லை. தம்மைக் காக்க வந்த படையையே ஐயத்தோடு பார்க்கும் ஊரிலிருந்து தகவல் தானாக வந்து சேரும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

2009இல் போர் முடிந்த பின்னும் புலனாய்வின் கண் பழைய திசையிலேயே நின்றது. 2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பு வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். சந்தேகம் உடனே முன்னாள் புலிகள் மீது விழுந்தது. முன்னாள் போராளி ஒருவர் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டு 2019 மே மாதத்தில்தான் விடுதலையானார். அந்தக் கொலைகளைச் செய்தது காத்தான்குடியைச் சேர்ந்த தீவிரவாதப் போதகர் சஹ்ரான் ஹாஷிமின் குழு என்பது, அதே குழு 2019 ஏப்ரலில் நடத்திய உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகுதான் வெளிவந்தது. அந்த ஏறக்குறைய ஐந்து மாதத்தை அரசு இழந்ததற்குத் தகவல் பஞ்சம் காரணமில்லை. முன்கூட்டியே முடிவெடுத்துக்கொண்டு தேடியதுதான் காரணம்.

சஹ்ரான் மறைந்திருந்து பேசியவரும் அல்லர். காத்தான்குடியில் 2017 மார்ச் 10 அன்று அலியார் சந்தியில் சூபிக் கொள்கையினரோடு நடந்த மோதலின் பின்னரே அவர் தலைமறைவானார். அதற்கு முன்னும் பின்னும் அவருடைய பேச்சுகள் யூடியூபிலும் முகநூலிலும் தமிழில் கிடந்தன. காத்தான்குடி முஸ்லிம்களே அவருக்கெதிராக முறையிட்டிருந்தார்கள். கடல் கடந்து கோயம்புத்தூரில் இந்தியத் தேசிய புலனாய்வு முகமை 2018இல் விசாரித்த ஐ.எஸ். ஆதரவு வழக்கில் அவருடைய காணொளிகள் சிக்கின. அங்கிருந்து பிடித்த நூல்தான் பின்னர் இலங்கைக்கு எச்சரிக்கையாக வந்தது.  பாக்கு நீரிணையின் இரு கரைக்கும் தமிழ் பொதுமொழி என்பதை இத்தகைய பேச்சாளர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் செவிகள் கொழும்பில் போதுமான அளவு இருக்கவில்லை.

இதற்கிடையில் வேறு அடையாளங்களும் தென்பட்டன. 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த நூலைப் பிடித்துப் போன பொலிஸார் 2019 ஜனவரியில் புத்தளம் வண்ணாத்திவில்லுத் தென்னந்தோட்டத்தில் சுமார் 100 கிலோ வெடிபொருளைக் கண்டெடுத்தார்கள். சிலை உடைப்பு விசாரணைக்கு உதவிய முஸ்லிம் ஒருவர் மார்ச்சில் தம் வீட்டிலேயே தலையில் சுடப்பட்டார். உயிர் தப்பியது பெரும் அதிர்ஷ்டம். முஸ்லிம் சமூகம் தகவல் தரவில்லை என்று பின்னாளில் பேசியவர்கள் இந்த மனிதரை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

இந்தியாவிலிருந்து வந்த எச்சரிக்கை 2019 ஏப்ரல் 4 அன்று அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளருக்குக் கிடைத்தது. ஏப்ரல் 7 அவர் தேசிய புலனாய்வுப் பிரதானிக்கு எழுதினார். ஏப்ரல் 9 பிரதானி பொலிஸ் மா அதிபருக்கு எழுதினார். ஏப்ரல் 11 பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரின் கையெழுத்தோடு அது முக்கியஸ்தர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பான சில பிரிவுகளுக்குப் போனது. அந்தக் கடிதத்தில் சஹ்ரானின் பெயர் இருந்தது. அவர் அக்கரைப்பற்றுப் பக்கம் ஒலுவிலில் மறைந்திருப்பதாகவும் குறிப்பு இருந்தது. கடிதத்தைப் பெற்றவர்கள் அமைச்சர்களைக் காக்கும் அதிகாரிகள். ஒலுவில் பள்ளிவாசல் நிருவாகியோ பின்னர் தாக்கப்பட்ட கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்துப் பங்குத்தந்தையோ அந்தப் பட்டியலில் இல்லை. ஏப்ரல் 16 அன்று காத்தான்குடியை அடுத்த பாலமுனையில் (அம்பாறையின் பாலமுனை வேறு) ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்துச் சிதறியது, அது ஒத்திகை. ஏப்ரல் 20 அன்று மீண்டும் எச்சரிக்கை வந்தது. மறுநாள் காலை கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்புத் தேவாலயங்களிலும் கொழும்பின் நட்சத்திர விடுதிகள் மூன்றிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நான்கைந்து மேசைகளைக் கடந்த அந்தக் கடிதத்தின் பயணத்தைப் பாராளுமன்றத் தெரிவுக்குழுவும் ஜனாதிபதி ஆணைக்குழுவும் நாள்வாரியாக ஆராய்ந்தன. அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் 2018 அக்டோபர் அரசியல் நெருக்கடியிலிருந்து பேச்சுவார்த்தையே சீராக இல்லை. பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமர் அழைக்கப்படவில்லை. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் அடிப்படை உரிமை மீறலைத் தீர்ப்பாகச் சொன்னார்கள். சிறிசேன 10 கோடி ரூபாவும், பொலிஸ் மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடியும், பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடியும், புலனாய்வுப் பிரதானியாக இருந்த சிசிர மெண்டிஸ் 1 கோடியும் தம் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று உத்தரவானது. கிடைத்த தகவலின் மேல் செயற்படாமல் இருப்பதும் உரிமை மீறல் என்று நாட்டின் உச்ச நீதிபீடம் கூறியது புலனாய்வுத் துறை வரலாற்றில் மிகப் பெரிய விஷயம். 2025 ஜூலையில் நிலந்த ஜயவர்தனவைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழு பதவியிலிருந்து நீக்கியது.

தாக்குதலுக்கு ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26 வெள்ளிக்கிழமை, கதை அம்பாறைக் கரைக்கு வந்தது. சாய்ந்தமருதில் வொலிவேரியன் கிராமம் என்றொரு வீட்டுத்திட்டம் இருக்கிறது. சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக எழுந்தது. பெயர் தென்னமெரிக்க விடுதலை வீரர் பொலிவாருடையது. அங்கே வாடகை வீடொன்றில் அறியாத ஆட்கள் பெண்கள் பிள்ளைகளோடு வந்து தங்கியிருந்தார்கள். அயலவர்களுக்குச் சந்தேகம் வந்தது. யார், எந்த ஊர் என்று கேட்கப் போனார்கள். பதில் சரியில்லை. உள்ளே துவக்கு இருப்பது தெரிந்ததும் வெளியேறி, கடமையிலிருந்த பொலிஸாருக்குச் சொன்னார்கள். அன்று இரவே படையினர் வீட்டை வளைத்தார்கள். துப்பாக்கிச் சண்டை, பிறகு உள்ளிருந்தவர்களே வெடிக்கவைத்த குண்டுகள். குறைந்தது 15 பேர் இறந்தார்கள். அவர்களில் ஆறு பேர் சிறுவர்கள். சஹ்ரானின் தந்தையும், சகோதரர்கள் ஸைனி, ரில்வான் ஆகியோரும் அங்கே மடிந்தார்கள். சஹ்ரானின் மனைவியும் மகளும் காயங்களோடு உயிர் பிழைத்தார்கள். அதே நாள் சம்மாந்துறை செந்நெல் கிராமத்து வீடொன்றில் ஜெலிக்னைட் குச்சிகளும் இரும்புக் குண்டுமணிகளும் ஐ.எஸ். கொடியும் பிடிபட்டன.

அன்று சந்தேகப்பட்டவர்கள் பயிற்சி பெற்ற உளவாளிகள் அல்லர். ஊரடங்குக்கும் பழிச்சொல்லுக்கும் நடுவில் ஐந்து நாள் கழித்திருந்த முஸ்லிம் குடும்பத்தவர்கள். கதவைத் தட்டப் போனவர்களுக்குத் தலைக்கவசமும் இல்லை, துவக்கும் இல்லை. தகவல் தந்தவர்களுக்குப் பின்னர் பொலிஸ் வெகுமதி வழங்கியது, அது தகும். ஆனால் முஸ்லிம்களே தகவல் தந்தார்கள் என்ற செய்தி நாட்டின் மற்றப் பகுதிகளில் பரவிய வேகம், 'முஸ்லிம் ஊரில் குண்டு' என்ற செய்தி பரவிய வேகத்துக்குப் பக்கத்திலும் வரவில்லை.

வெடித்த வீட்டில் இறந்தவர்களின் எச்சங்கள் அம்பாறைப் பொது மயானத்தில் புதைக்கப்பட்டன. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய தேவாலயத் தாக்குதல்தாரியின் மனைவியான 'சாரா' அங்கே இறந்தாரா, தப்பினாரா என்பது ஆண்டுக்கணக்கில் விசாரணையை அலைக்கழித்தது. எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டு மரபணுச் சோதனைக்குப் போயின. முதல் இரண்டு சோதனைகள் பொருந்தவில்லை. மூன்றாவது பொருந்தியதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. முதல் நாளிலேயே தடயங்களை ஒழுங்காகப் பிரித்துப் பதிவு செய்வது எவ்வளவு அடிப்படையான வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இத்துறையில் இல்லை. அந்த இடைவெளியில்தான் வதந்தி வளர்ந்தது.

ஏப்ரல் 22 நள்ளிரவு அவசரகால நிலை வந்தது. ஆகஸ்ட் 22 வரை நீடித்தது. முகத்தை மூடும் உடை ஏப்ரல் 29 முதல் தடையானது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். சமையலறைக் கத்தியும் அரபு எழுத்துள்ள புத்தகமும் சந்தேகப் பொருளாயின. ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணின் உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் சக்கரத்தைத் தர்மச் சக்கரம் என்று கொண்டு அவரைச் சிறையில் அடைத்தார்கள். கைதுக் கணக்கு ஏறியது. தகவலின் தரம் ஏறவில்லை. சாய்ந்தமருதில் தாமாக வந்து சொன்ன அதே சமூகம், வீட்டிலிருந்த ஓதற் கிதாபுகளை எரிப்பதா புதைப்பதா என்று யோசிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டது. பொலிஸுக்கு இது பெரிய இழப்பு.

மொழியறிவின் குறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் வழக்கு காட்டியது. 2017இல் வெளிவந்த அவருடைய 'நவரசம்' கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்று கூறி 2020 மே மாதம் அவரைக் கைதுசெய்தார்கள். வன்முறைக்கு எதிரான வரிகள், தமிழ் சரிவர அறியாத கைகளில் வன்முறை வரிகளாயின. 2021 டிசம்பரில் பிணையும் 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தில் விடுதலையும் கிடைத்தன. பொலிஸ் நிலைய மேசையில் இதே குறை தினமும் நடக்கிறது. முறைப்பாட்டாளர் தமிழில் சொல்கிறார். பல இடங்களில் அது சிங்களத்தில் எழுதப்படுகிறது. தாம் படிக்க முடியாத தாளின் கீழ் அவர் கையொப்பமிடுகிறார். சொன்னதற்கும் எழுதியதற்கும் இடையில் விழும் சொற்களில்தான் பல துப்புகள் தொலைகின்றன.

சட்டமும் வேலையின் தன்மையை உருவாக்குகிறது. 1979இல் தற்காலிகமாக வந்து 1982இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்கோ அதற்கு மேற்பட்டவருக்கோ கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்படும். தடுப்புக்காவலின் உச்ச எல்லை 18 மாதமாக இருந்தது. 2022 திருத்தம் அதை 12 மாதமாக்கியது. அடைத்து வைத்து வாக்குமூலம் வாங்க முடியும் என்றால், தெருவில் நடந்து தடயம் தேடும் பழக்கம் மெல்ல மறையும். வட அயர்லாந்தில் 1999இல் பாட்டன் ஆணைக்குழு சிக்கலின் மறுமுனையைப் பிடித்தது. பொலிஸில் கத்தோலிக்கர் சுமார் 8 சதவீதமே இருந்தார்கள். கத்தோலிக்கர் பாதி, மற்றவர் பாதி என்ற ஆட்சேர்ப்பு 2001 முதல் பத்தாண்டு நடந்து, அவர்களின் பங்கு 30 சதவீதத்தை நெருங்கியது. கல்முனையில் தமிழ் பேசும் அதிகாரிகளை, அதிலும் பெண் அதிகாரிகளை, கூடுதலாக நியமிப்பது எந்தப் புதிய உளவுக் கருவியையும்விட அதிகப் பலன் தரும்.

இன்று கரையோரத்தில் பொலிஸுக்கு வரும் தகவலில் பெரும்பங்கு போதைப்பொருள் பற்றியது. 'கிடைக்கப்பெற்ற இரகசியத் தகவலுக்கமைய' என்று தொடங்கும் செய்தி இல்லாத நாளே குறைவு. ஐஸ், ஹெரோயின் விற்கும் வீட்டைச் சொல்பவர் பெரும்பாலும் அதே தெருவின் தாயோ பள்ளி நிருவாகியோதான். அவருடைய பெயர் வெளியே கசிந்தால் அடுத்த முறை எவரும் வாய் திறக்கமாட்டார். குற்றப் புலனாய்வு பழகும் இந்த நாளாந்த இரகசியம் காக்கும் ஒழுக்கமே பயங்கரவாதத் தடுப்புக்கும் அடித்தளம். இரண்டுக்கும் வருவது ஒரே மனிதர்கள்.

2024 அக்டோபர் 23 அன்று பொத்துவில் அறுகம்பையில் உல்லாசப் பயணிகளைக் குறிவைத்துத் தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேல் தன் பிரசைகளை வெளியேறச் சொன்னது. தகவல் அந்த மாதத் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டதாகவும் பாதுகாப்பைப் பலப்படுத்தியிருந்ததாகவும் பொலிஸ் அறிவித்தது. 500க்கும் மேற்பட்டோர் கடமைக்கு நிறுத்தப்பட்டார்கள், சந்தேகநபர்கள் கைதானார்கள், தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. 2019இல் கடிதம் கோப்புக்குள் கிடந்த நாட்களோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் அலைச்சறுக்கு விடுதியில் வேலை செய்பவர்களும் முச்சக்கரவண்டி ஓட்டுபவர்களும் மீனவர்களும், ஆபத்து தங்கள் ஊரிலேயே இருக்கக்கூடும் என்பதை முதலில் அறிந்தது ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் ஆங்கில அறிவித்தலிலிருந்து. தமிழில் அது ஊருக்குச் சொல்லப்பட்டது அதற்குப் பிறகுதான்.